ஆதி அமெரிக்க இலக்கியமும் எங்கள் சொற்களும்

இன்றைய உரை ஒரு பழைய றோணியோப் பிரதியிலிருந்து தொடங்குகின்றது.

சில மாதங்களுக்கு முன்னர், ஒரு மாலைப் பொழுதில், புத்தூரிலுள்ள என் வீட்டுக்கு ஒரு பிள்ளை வந்தாள். ஆங்கிலத்தை ஒரு பாடமாக எடுத்து வெளிவாரிப் பட்டத்துக்குப் படிக்கின்றாள். பாடத்திட்டத்திலே ஆதி அமெரிக்க இலக்கியம் என்றொரு பகுதி இருக்கின்றது; அதில் வரும் கலைச்சொற்கள்தாம் பிடிபடவில்லை என்றாள். கையிலே ஒரு கோவை. அதற்குள் ஓரம் அரிபட்டு மஞ்சளித்துப்போன தாள்கள்.

“சேர், இது நீங்கள் அம்மாவுக்குப் படிப்பிக்கேக்கை குடுத்த நோட்ஸாம். அம்மா இடம்பெயரேக்கையும் கொண்டுபோய்க் கொண்டுவந்தவ. இதைப் பாடமாக்கினால் காணுமோ?”

1988 ஆம் ஆண்டில் நான் எழுதி, ஸ்ரென்சிலில் வெட்டி, உருட்டிக் கொடுத்த குறிப்புகள் அவை. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டபோது, அவளுடைய தாயார் உடுபுடைவையோடு இதையும் எடுத்துச் சென்று, அடுத்த ஆண்டு திரும்பியபோது பத்திரமாகக் கொண்டுவந்திருக்கின்றார். மனம் நெகிழ்ந்துதான் மூக்குக்கண்ணாடியை மாட்டினேன். வாசிக்க வாசிக்க நெகிழ்ச்சி போய் வெட்கம் வந்தது. ‘கன்வேர்ஷன்’ என்பதற்கு மதமாற்றம் என்று எழுதியிருந்தேன். ‘ஜெரமையாட்’ என்பதற்குப் புலம்பல் இலக்கியம். ‘பிளான்ரேஷன்’ என்பதற்குப் பெருந்தோட்டம். அகராதியைக் கேட்டால் மூன்றும் சரி என்றே சொல்லும். ஆனால் மூன்றும் பிழை. அந்தப் பிழைகளைத்தான் ஒரு தாய் போரினூடாகக் காவிச் சென்று தன் மகளிடம் கையளித்திருக்கின்றார்.

ஆகவே இன்றைய உரையை ஒரு திருத்தமாகவே கொள்ளுங்கள்.

ஆதி அமெரிக்க இலக்கியம் என்று பாடநூல்கள் சொல்வது பெரும்பாலும் 17 ஆம், 18 ஆம் நூற்றாண்டுகளில் அமெரிக்காவின் கீழைக்கரையில், சிறப்பாக நியூ இங்கிலாந்துப் பகுதியில், குடியேறிய ஆங்கிலேயர் எழுதியவற்றை. அதற்கு முன்னரே அந்த மண்ணின் பூர்வ குடிகளிடம் வாய்மொழி இலக்கியம் செழித்திருந்தது என்பதை இப்போதைய தொகுப்பு நூல்கள் ஏற்று, அங்கிருந்தே தொடங்குகின்றன. எழுதப்பட்டவற்றுள்ளே நாவலும் நாடகமும் மிக அரிது. கவிதை கொஞ்சம் உண்டு. மற்றதெல்லாம் பிரசங்கம், நாட்குறிப்பு, சரித்திரம், சாட்சி, கடிதம். எழுதியவர்கள் பெரும்பாலும் தூய்மைவாதிகள் எனப்படும் பியூரித்தன் கிறிஸ்தவர்கள். எனவே இந்த இலக்கியத்தைப் படிப்பதற்கு வேண்டிய சொற்களிற் பாதி, இலக்கியச் சொற்கள் அல்ல, சமயச் சொற்கள். மாணவர்கள் இடறுவது இங்கேதான். ஆனால் யாழ்ப்பாணத்து மாணவருக்கு இந்த இடறல் வரவேண்டியதே இல்லை. ஏன் என்று சொல்கின்றேன்.

1816 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் எங்கிருந்து வந்தார்கள்? தானியேல் பூவர், எட்வேர்ட் வாரன், ஜேம்ஸ் றிச்சட்ஸ், பென்ஜமின் மெய்க்ஸ் ஆகிய இவர்களை அனுப்பிய அமெரிக்கன் போர்ட் என்னும் சங்கம் 1810 இல் நியூ இங்கிலாந்திலே தோன்றியது. இங்கு வந்தவர்கள் பலர் மசசூசெற்ஸ் மாநிலத்து அன்டோவர் இறையியற் கல்லூரியிற் பயின்றவர்கள். ஹாவார்ட் பழைய தூய்மைவாதக் கொள்கையிலிருந்து வழுவிவிட்டது என்று கவலைப்பட்டவர்கள் தொடங்கிய கல்லூரி அது. அதாவது, பிளிமத்திலும் பொஸ்ரனிலும் குடியேறியவர்களின் சமய வாரிசுகளே தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் வந்து இறங்கினார்கள். ஆதி அமெரிக்க இலக்கியத்தின் பெரும் பிரசங்கியான ஜொனதன் எட்வேர்ட்ஸ், பூர்வ குடிகளிடையே ஊழியம் செய்து இளவயதில் இறந்த டேவிட் பிறெய்னேட் என்பவரின் நாட்குறிப்பை 1749 இல் வெளியிட்டார். அடுத்த நூற்றாண்டின் மிஷனரிமாருக்கு அது கையேடு போல இருந்தது. தன் உள்ளத்தை நாள்தோறும் சோதித்து எழுதும் அந்தப் பழக்கம் அவர்களோடு இங்கும் வந்தது. 1824 இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1833 இல் இறந்தபின், அவருடைய நாட்குறிப்பையும் கடிதங்களையும் கொண்டு கணவர் மைரன் வின்ஸ்லோ 1835 இல் ஒரு நினைவுநூல் வெளியிட்டார். வகையாற் பார்த்தால் அது நியூ இங்கிலாந்தின் ஆன்மீக வாழ்க்கை வரலாறு. எழுதப்பட்ட களமோ உடுவில். அதே மைரன் வின்ஸ்லோவின் பெயரில்தான் 1862 இல், 67,000 க்கு மேற்பட்ட சொற்களோடு, அந்தப் பெரிய தமிழ் ஆங்கில அகராதி வந்தது.

(புத்தூரிலே இருக்கும் மிஷன் ஆஸ்பத்திரியைப் பார்த்துவிட்டு இதுவும் அமெரிக்கன் மிஷன் என்று சொல்வோர் உண்டு. அது மெதடிஸ்த மிஷன். ஆங்கிலேயர் வழி வந்தது. எங்களுக்கு எல்லா வெள்ளைக்காரப் பாதிரிமாரும் ஒன்றுதான். அவர்களுக்கு அப்படியல்ல.)

முதலில் மதமாற்றம் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்திலே ‘கன்வேர்ஷன்’ என்றால் சைவன் வேதக்காரன் ஆவது. ஆனால் 1630 களில் மசசூசெற்ஸ் சபைகளிலே அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. அங்கே எல்லாரும் பிறப்பிலேயே கிறிஸ்தவர்கள். ஆயினும் ஒருவர் சபையின் முழு அங்கத்தவர் ஆகவேண்டுமானால், கடவுளின் கிருபை தன் உள்ளத்திலே வேலை செய்ததை உணர்ந்த விதத்தைச் சபையார் முன்னிலையில் எடுத்துரைக்க வேண்டும். தன் பாவத்தை அறிந்து நடுங்கியது, தன் முயற்சியால் ஆகாது என்று கைசோர்ந்தது, பின்பு ஒளி வந்தது, அந்த ஒளி மெய்யா பொய்யா என்று மீண்டும் ஐயுற்றது என, அந்த எடுத்துரைப்புக்கு ஒரு படிமுறை உண்டு. இதுதான் கன்வேர்ஷன் நரேற்றிவ். இதிலே மதம் மாறவில்லை, மனம் திரும்பியது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் இரு நூற்றாண்டாக வழங்கும் ‘மனந்திரும்புதல்’ என்ற சொல் கையிலே இருக்க, நான் மதமாற்றம் என்று எழுதியது சோம்பல் அன்றி வேறில்லை. ‘மனந்திரும்புதற் சாட்சி’ என்றால் பொருளும் வரும், சபையின் வாடையும் வரும்.

சைவ வாசகருக்கு இன்னொரு வாசலும் உண்டு. சித்தாந்தத்திலே இருவினையொப்பு, மலபரிபாகம், சத்திநிபாதம் என்று ஒரு வரிசை பேசப்படுகின்றது. மலம் பக்குவப்பட்ட உயிரிலே அருள் பதிகின்றது. தூய்மைவாதிகளும் அருளுக்கு முன்னரான ஆயத்த நிலை பற்றி நிறைய எழுதியிருக்கின்றார்கள். திருவாசகத்தைப் பக்தியோடு மட்டுமன்றி ஒரு மனிதர் தன்னைத்தானே விசாரிக்கும் நூலாகவும் வாசித்தவருக்கு, இந்தச் சாட்சிகள் அந்நியமாகத் தோன்றா. ஆனால் ஒப்புமையை ஓர் எல்லைக்கு அப்பால் இழுக்கக்கூடாது. சித்தாந்தத்திலே எந்த உயிருக்கும் கதவு என்றென்றைக்கும் அடைபடுவதில்லை. காலம் செல்லலாம், அவ்வளவே. கல்வினின் வழிவந்த தூய்மைவாதியோ, யார் தெரிந்துகொள்ளப்பட்டவர், யார் கைவிடப்பட்டவர் என்பதைக் கடவுள் முன்னரே தீர்மானித்துவிட்டார் என நம்பினார். அந்தத் தீர்மானம் தனக்குத் தெரியாது என்ற பயமே அவர்களுடைய நாட்குறிப்புகளில் எல்லாம் ஓடுகின்ற நடுக்கம். அந்தப் பயம் தெரியாமல் அவற்றைப் படித்தால் வெறும் சுயபுராணம் போலத் தோன்றும்.

அந்தச் சாட்சி சொல்லப் பிள்ளைகளுக்கு இயலாமற் போனதுதான் நெருக்கடி. தந்தைமாருக்கு வந்த அனுபவம் பிள்ளைகளுக்கு வரவில்லை. அப்படியானால் பேரப்பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதா, விடுவதா? 1662 இல் ஒரு சமரசம் கண்டார்கள். ‘ஹாஃப்வே கவனன்ற்’ என்று பரீட்சைத் தாளில் வருவது அதுதான். பாதி உடன்படிக்கை என்று நான் சொல்லுவேன். தலைமுறை தாழ்ந்துவிட்டது என்ற இந்த ஏக்கத்திலிருந்துதான் எனது இரண்டாவது பிழையின் விடயம் பிறக்கின்றது.

ஜெரமையாட் என்ற சொல் எரேமியா தீர்க்கதரிசியின் பெயரடியாக வந்தது. எரேமியாவின் பெயரில் ‘புலம்பல்’ என்றே வேதாகமத்தில் ஒரு புத்தகம் இருப்பதாற் புலம்பல் இலக்கியம் என்று எழுதிவிட்டேன். ஆனால் யாழ்ப்பாணத்திலே புலம்பல் என்றால் வாசகர் மனதில் எழுவது என்ன? அந்தியேட்டிக்கு அச்சிடும் கல்வெட்டு. திதி வெண்பா, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், கடைசியில் தேற்றம். அது தனி ஒருவரின் சாவுக்கானது. ஜெரமையாட் அதுவன்று. பிரசங்கி சபையைப் பார்த்து, உங்கள் தந்தையர் கடவுளோடு உடன்படிக்கை செய்து இந்தக் கரைக்கு வந்தார்கள், நீங்கள் அதை மறந்தீர்கள், அதனால்தான் வரட்சியும் நோயும் யுத்தமும் வந்தன என்று கடிந்துரைக்கின்றார். பிறகு, இன்னும் திரும்பலாம், வாக்குத்தத்தம் இருக்கின்றது என்கின்றார். கண்டனமும் நம்பிக்கையும் ஒரே மூச்சில் வரும் அரசியற் பிரசங்கம் அது. பெரி மில்லர் என்ற பேரறிஞர் இவற்றிலே ஒரு சமுதாயம் தன் வீழ்ச்சியை உணர்ந்த துயரத்தைக் கண்டார். 1978 இல் சக்வன் பேர்க்கோவிச் அதை மறுத்து, இந்தக் கடிந்துரைகள் உண்மையில் அமெரிக்காவுக்கு ஒரு தனிப் பணி உண்டு என்ற நம்பிக்கையை உறுதிப்படுத்துபவை என்று எழுதினார். இருவருள் பேர்க்கோவிச்சே சரி என்பது என் அபிப்பிராயம். ஒரு சாதியைத் திட்டித் திட்டியே அதற்குத் தான் தெரிந்துகொள்ளப்பட்ட சாதி என்ற எண்ணத்தை ஊட்டிவிடலாம். எங்கள் மேடைகளிலும் அதைக் கேட்டிருக்கின்றேன். ‘எரேமியக் கடிந்துரை’ என்று இப்போது திருத்தியிருக்கின்றேன். புலம்பல், கல்வெட்டோடேயே இருக்கட்டும்.

அதைப் பறித்துக்கொண்டதற்கு நட்டஈடாக ஒன்று சொல்லவேண்டும். தூய்மைவாதிகளுக்கும் எங்கள் கல்வெட்டுப் போன்ற ஒன்று இருந்தது. ஊரிலே பெரியவர் ஒருவர் இறந்தால் இரங்கற்பா எழுதி, ஒற்றைத் தாளில் கறுப்புக் கரையிட்டு அச்சடித்தார்கள். இறந்தவரின் பெயரெழுத்துக்களை மாற்றியடுக்கி வேறு சொல்லாக்கி வியப்பதும் உண்டு. ‘எலெஜி’ என்பதற்குக் கையறுநிலை என்ற தொல்காப்பியச் சொல்லை வழங்குகின்றோம். இந்தத் தாள்களுக்கு மாத்திரம் எங்கள் கல்வெட்டு என்ற சொல்லே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகின்றது.

கடிந்துரைகளுட் பல ‘இலெக்ஷன் சேர்மன்’ என்ற வகையைச் சேர்ந்தவை. இதைத் தேர்தற் பிரசங்கம் என்று மொழிபெயர்த்தால் எங்கள் பிள்ளைகள் ஒலிபெருக்கி கட்டிய வாகனத்தை நினைப்பார்கள்! ஆண்டுதோறும் ஆளுநரையும் அதிகாரிகளையும் தெரிவுசெய்யும் நாளில், சட்டசபையார் முன்னிலையில், குருவானவர் ஒருவர் செய்யும் பிரசங்கம் அது. 1670 இல் சாமுவேல் டான்போத் செய்த பிரசங்கம் இவ்வகையில் புகழ்பெற்றது. வாக்குக் கேட்பதற்கன்று, வாக்குப் பெற்றவர்களை எச்சரிப்பதற்கு. அந்த வழக்கம் எங்களிடமும் இருந்திருக்கலாம்.

பிரசங்கம் என்ற வகையைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். தூய்மைவாதப் பிரசங்கத்துக்கு ஒரு கட்டமைப்பு உண்டு. முதலில் வேதவசனம், அதிலிருந்து எடுக்கும் கோட்பாடு, அந்தக் கோட்பாட்டுக்கான நியாயங்கள், முடிவில் அது கேட்பவரின் வாழ்க்கைக்கு எப்படிப் பயன்படும் என்பது. வில்லியம் பேர்க்கின்ஸ் என்ற ஆங்கிலேய இறையியலாளர் 16 ஆம் நூற்றாண்டின் இறுதியிலே வகுத்துக்கொடுத்த முறை இது. அதற்குரிய மொழிநடையை ‘பிளெயின் ஸ்ரைல்’ என்பர். எளிய நடை என்று மட்டும் சொன்னால் குறை. ஏழைக்கும் விளங்கவேண்டும் என்பதோடு, சொல்லின் அலங்காரம் கடவுளின் சொல்லை மறைத்துவிடக் கூடாது என்ற விரதமும் அதிலே அடங்கியிருக்கின்றது. 1640 இல், அந்தக் குடியேற்றங்களிலே அச்சான முதல் நூலாகிய சங்கீதப் புத்தகத்தின் முன்னுரை, இனிமையைவிட மூலத்துக்கு உண்மையாயிருத்தலே நோக்கம் என்ற கருத்தை வெளிப்படையாகவே சொல்கின்றது. ‘அணி துறந்த நடை’ என்பது என் மொழிபெயர்ப்பு.

இந்த வகை எங்கள் இலக்கியத்தை எப்படி மாற்றியது என்பதற்கு ஆறுமுக நாவலரே சான்று. பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்பில் உதவியவர் அவர். பாதிரிமார் பிரசங்கிக்கும் முறையை அருகிருந்து கண்டவர். 1847 ஆம் ஆண்டு டிசெம்பர் 31 ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே அவர் தொடங்கிய சைவப் பிரசங்கங்கள், எதிராளியின் ஆயுதத்தைக் கையில் எடுத்த செயல். பேர்சிவல் மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவர், தூய்மைவாதி அல்லர் என்பது உண்மையே. பிரசங்க மேடையின் பரம்பரை ஒன்றுதான். பண்டிதர் முன் பண்டிதர் உரைசொல்லும் மரபு எங்களிடம் முன்னரே இருந்தது; கோயிலிலே கூடிய சனத்துக்கு, விளங்கும் வசனத்தில், வாரந்தோறும், உன் ஒழுக்கத்தைத் திருத்து என்று சொல்வது புதிது. நாவலரின் வசனநடைக்கு வேர் பழைய உரையாசிரியர்களிடம் மட்டுமே உண்டு என்பார் அந்த வெள்ளிக்கிழமைகளை மறக்கின்றார்கள்.

வினாவிடையும் அப்படித்தான். பாலபாடமும் அப்படித்தான். நியூ இங்கிலாந்திலே 1690 அளவில் வெளியான சிறுவர் அரிச்சுவடி ஒன்று நூறாண்டுக்கு மேல் வழங்கியது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஈரடியில் ஒரு நீதி. ஆத்திசூடி படித்த எங்களுக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை. பிராங்கிளினின் புகழ்பெற்ற ‘அல்மனாக்’ பற்றியும் அதுவே. பஞ்சாங்கத்தின் ஓரத்திலே பழமொழி அச்சிட்டார் என்று சொன்னாற் போதும்.

இனி ‘ரைப்போலொஜி’. இது கடினமான சொல். பழைய ஏற்பாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி பின்னர் வரப்போகும் ஒன்றின் நிழல் என்று வாசிக்கும் முறை இது. எகிப்திலிருந்து இஸ்ரவேலர் கடலைக் கடந்தது நிழல், மீட்பு பொருள். தூய்மைவாதிகள் இன்னும் ஒரு படி சென்று, அத்திலாந்திக் கடலைத் தாங்கள் கடந்ததையும் அந்த வரிசையிலேயே வைத்தார்கள். 1630 இல் ஜோன் வின்த்ரொப், மலைமேல் அமைந்த பட்டணம் என்று தங்கள் குடியிருப்பைக் கற்பனை செய்தது இந்த வழியிலேதான். எங்கள் மாணவர் இதை உள்ளுறை உவமம் என்று எழுதிவிடுவதுண்டு. கூடாது. உள்ளுறையிலே கருப்பொருள் ஒன்று மனித நடத்தையைக் குறிப்பாற் சொல்கின்றது. இங்கேயோ இரண்டு பக்கமும் மெய்யாக நடந்த சரித்திரம் என்பது நம்பிக்கை. நிழலும் பொருளும் என்ற வேதாகமத் தமிழே போதுமானது.

இப்படிச் சரித்திரத்தை வாசிப்பவர் தாம் வந்திறங்கிய நிலத்தை என்னவென்று அழைப்பார்? வனாந்தரம். ‘வில்டர்நெஸ்’ என்ற சொல்லுக்குத் தமிழ் வேதாகமத்தில் வழங்கும் சொல் அதுவே. டான்போத்தின் பிரசங்கத் தலைப்பிலும் அது இருக்கின்றது. ஆனால் பிளிமத்தில் அவர்கள் இறங்கிய இடம் வனாந்தரமன்று. பற்றுசெற் என்ற ஊர் இருந்த இடம். சில ஆண்டுகளுக்கு முன்னர் வந்த கொள்ளை நோயால் சனம் அழிந்து, சோளம் விளைந்த வயல்கள் வெறுமையாகக் கிடந்தன. வனாந்தரம் என்ற ஒரு சொல் அந்தச் சனத்தை முழுவதுமாக மறைத்துவிட்டது. ‘பிளான்ரேஷன்’ என்பதற்கு நான் எழுதிய பெருந்தோட்டம் பகிடியான பிழை. வில்லியம் பிராட்போட் எழுதிய பிளிமத் சரித்திரத்தைத் தேயிலைத் தோட்டத்து வரலாறு ஆக்கிவிட்டேன். அங்கே அந்தச் சொல்லுக்குக் குடியேற்றம் என்பதே பொருள். ஆனால் குடியேற்றம் என்று தமிழில் எழுதியவுடனே பேனை நிற்கின்றது. இந்த நாட்டிலே அந்தச் சொல் எங்கள் காதில் எப்படி விழும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ‘கொலோனியல்’ என்றாற்கூட எங்களுக்கு ஆளப்பட்டவர்களின் காலம். அவர்களுக்கோ குடியேறியவர்களின் காலம். ஒரே சொல், இரண்டு கரை. குடியேற்றக்கால இலக்கியம் என்றே எழுதும்படி அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். சொல் காதில் உறுத்தினால் நல்லது.

அடுத்ததாக ‘கப்ரிவிற்றி நரேற்றிவ்’. நான் ‘சிறைக் கதை’ என்று எழுதியிருந்தேன். சிறைமீட்சி வரலாறு என்பது பொருந்தும். பூர்வ குடிகளிடம் பிடிபட்ட வெள்ளையர் மீண்டுவந்து எழுதிய கதைகள் இவை. முதன்மையானது 1682 இல் வெளியான மேரி றோலண்ட்சன் அம்மையாருடையது. 1676 பெப்ரவரியில், மெற்றக்கொம் என்ற தலைவரின் பெயரால் அறியப்படும் யுத்தத்திலே, லங்காஸ்ரர் என்ற ஊர் தாக்கப்பட்டது. காயம்பட்ட ஆறு வயது மகளைக் கையில் ஏந்தியபடி அம்மையார் கொண்டுசெல்லப்பட்டார். பிள்ளை வழியிலே இறந்தது. பதினொரு வாரத்துக்குப் பின் இருபது பவுண் கொடுத்து மீட்டார்கள். அவர் தம் நூலை அதிகாரங்களாகப் பிரிக்கவில்லை. இருபது ‘றிமூவ்’ ஆகப் பிரித்திருக்கின்றார். ஒரு தங்குமிடத்தை விட்டு அடுத்ததற்குப் புறப்படுவது ஒரு றிமூவ்.

1988 இல் இந்தச் சொல்லுக்கு எதிரே நான் ‘அகற்றல்’ என்று எழுதியிருந்தேன். அப்போது எனக்கு வேறு சொல் தெரியாது. 1995 க்குப் பிறகு தெரியும். முதலாம் இடப்பெயர்வு, இரண்டாம் இடப்பெயர்வு, மூன்றாம் இடப்பெயர்வு என்று எண்ணி வாழ்க்கையைச் சொல்லும் சனம் இன்று எங்கள் ஊரெல்லாம் இருக்கின்றது. எந்தக் கலைச்சொல் அகராதியும் இதைவிடப் பொருத்தமான சொல்லைத் தரமுடியாது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அந்த அம்மையார் ஒவ்வோர் இடப்பெயர்விலும் கடவுளின் கையைக் கண்டு, வேதவசனம் ஒன்றைப் பொருத்தி எழுதினார். எங்கள் சொல்லிலே வேதம் இல்லை. இடம், பெயர்வு, அவ்வளவுதான்.

வகுப்பிலே நான் அன்று சொல்லாமல் விட்டது ஒன்று. றோலண்ட்சன் பணிவிடை செய்தது வீற்றமூ என்ற தலைவியின் குடிலில். அவளும் ஒரு சனத்தின் தலைவி. அவளும் இராணுவம் துரத்த ஓடிக்கொண்டிருந்தவள். அந்த ஓட்டத்திலே அவளுடைய கைக்குழந்தை இறந்தது. குடிலில் இனி இடம் கொஞ்சம் கூடும் என்ற கருத்துப்பட அம்மையார் ஒரு வசனத்தில் அதைக் கடந்து செல்கின்றார். தன் பிள்ளையைப் புதைத்த துயரை உருக்கமாக எழுதிய அதே கைதான். அதே ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் வீற்றமூவும் ஆற்றில் மூழ்கி இறந்தாள். சிறைமீட்சி வரலாறு என்ற வகைப்பெயரில், யார் சிறைப்பட்டவர் என்ற கேள்வி இருக்கின்றது. அதை மாணவர் கேட்கவேண்டும்.

“அந்தத் தலைவியின்ரை பிள்ளைக்கு என்ன பேர் சேர்?” என்று இவள் கேட்டாள்.

பெயர் நூலிலே இல்லை.

கவிதையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கின்றேன். ஆன் பிராட்ஸ்ரீற் அம்மையாரின் கவிதைகள் 1650 இல் இலண்டனிலே அச்சாயின. 1666 இல் தம் வீடு எரிந்தபோது அவர் எழுதிய கவிதையை 1981 க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் எவரும் சாதாரணமாக வாசிக்கமுடியாது. எட்வேர்ட் ரெய்லர் என்ற குருவானவர் திருவிருந்துக்கு முன் தன்னை ஆயத்தப்படுத்த எழுதிய தியானப் பாடல்கள் இருநூறுக்கு மேல். நூற்கும் இராட்டினத்தையும் தறியையும் ஆன்மாவுக்கு உருவகமாக்கும் துணிவு அவருடையது. ‘கொன்சீற்’ என்பதற்கு உவமை என்று எழுதாமல், வலிந்து நீட்டிய உருவகம் என்று எழுதலாம். அந்தக் கையெழுத்துப் பிரதி யேல் பல்கலைக்கழக நூலகத்திலே கிடந்து 1937 இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. பிராட்போட்டின் பிளிமத் சரித்திரமும் காணாமற்போய், இலண்டன் அத்தியட்சரின் நூலகத்திலே கண்டெடுக்கப்பட்டு, 1856 இல் முதன்முறை முழுமையாக அச்சேறியது. பதிப்பாசிரியர் இல்லாவிட்டால் இலக்கியம் இல்லை என்பதை எங்கள் அயற்கிராமமான சிறுப்பிட்டி மக்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 1887 இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை பிறந்த ஊர் அது. அவரும் அமெரிக்கரின் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்.

கலைச்சொல் ஆக்கத்துக்கு இன்னும் நல்ல வழிகாட்டியும் அந்த மிஷனிலிருந்தே வந்தார். 1847 இல் வந்து மானிப்பாயிலே தமிழில் வைத்தியம் படிப்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், முதலில் மக்களிடம் வழங்கும் தமிழ்ச் சொல்லைத் தேடு, இல்லாவிட்டால் வடமொழி, அதுவும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் எழுது என்ற முறையைக் கைக்கொண்டார். அவருடைய ஊர் மசசூசெற்ஸில் வூஸ்ரர். றோலண்ட்சன் பிடிபட்ட லங்காஸ்ரர் அதே வட்டாரத்தில்தான் இருக்கின்றது. ஆதி அமெரிக்க அச்சுநூல்களைப் பெருந்தொகையாகப் பேணும் பழநூற் சங்கமும் 1812 முதல் அதே வூஸ்ரரில் உள்ளது.

திருத்திய குறிப்புகளைப் புதிய தாளில் எழுதிக் கொடுத்தேன். வனாந்தரம் என்ற சொல்லுக்கு எதிரே மட்டும், ‘அவர்கள் அப்படி அழைத்த நிலம்’ என்று ஒரு வரி சேர்த்தேன். பழைய தாள்களை என்னிடமே விட்டுப் போகச் சொன்னேன். பிழையான குறிப்பு ஊரிலே உலாவக்கூடாது அல்லவா? அவள் சம்மதிக்கவில்லை. “அம்மா கேப்பா சேர்” என்று கோவைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டாள்.

அடுத்த உரையில் பிராங்கிளினின் சுயசரிதையை எடுத்துக்கொள்வோம்.